பால்மீனும் ஜப்பான் குச்சியும்

அன்பு மகள் சுலக்சனாவுக்கு,

செங்கலடியிலிருந்து அப்பா எழுதுவது. மாமாங்கப் பிள்ளையாரின் துணையால் அம்மாவும் சாப்பாட்டுக் கடையும் நல்ல சுகம், நீயும் அந்தக் குளிருக்குள் சுகமாக இருக்க வேண்டும் என்று விளக்கு வைக்கும்போதெல்லாம் கேட்டுக்கொள்கிறோம். எனக்கு மட்டும்தான் கொஞ்சம் சுகமில்லை. பயப்படாதே, சீனியும் பிரஷரும் அடங்கித்தான் கிடக்கின்றன, வருத்தம் மனதில். போனில் சொல்லலாம் என்றால் உன் அம்மா போனைக் கையை விட்டு இறக்குவதில்லை, என் முறை வந்து சாப்பிட்டாயா என்று கேட்பதற்குள் உனக்கு வேலைக்குப் போகிற நேரம் வந்துவிடுகிறது. உன்னோடு ஜப்பானில் வேலை செய்கிற சதீசன் லீவு முடிந்து ஞாயிற்றுக்கிழமை திரும்பி வருகிறான், அவன் கையில் கொடுத்துவிடலாம் என்றுதான் கடையில் ஆள் குறைந்த இந்த மத்தியானத்தில் எழுத உட்கார்ந்தேன்.

நீ அவனிடம் கொடுத்துவிட்ட பார்சல் வந்து சேர்ந்தது. அம்மா அந்தக் கம்பளிச் சட்டையைப் போட்டுப் பார்க்க வேண்டும் என்று அடம்பிடித்து, போட்டுக்கொண்டு நேரே சுழலும் பேனுக்குக் கீழே போய் நின்றாள். எனக்கு அனுப்பிய சாப்பாட்டுக் குச்சி வடிவாக இருக்கிறது, கறுப்பு மினுமினுப்பும் மெலிந்த நுனியுமாக. அதோடு நீ அனுப்பிய வீடியோவையும் பார்த்தேன். அங்கேதான் எனக்கு வருத்தம் தொடங்கியது. நீ வேலை செய்கிற முதியோர் இல்லத்தில் அந்த மொரிதா ஐயா நாற்காலியில் சாய்ந்திருக்கிறார், நீ அதே மாதிரிக் குச்சியால் சுட்ட மீனில் முள்ளை ஒவ்வொன்றாக இழுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டுச் சதையை அவர் வாயில் வைக்கிறாய், அவர் மென்று விழுங்கும்வரை உன் வாயும் கூடவே அசைகிறது. ஒத்தோசான், ஒத்தோசான் என்று கூப்பிடுகிறாய். அப்படியென்றால் அப்பா என்று அர்த்தம் என்று கீழே நீயே எழுதியும் இருக்கிறாய். அவருக்கு ஞாபகம் தவறிப்போய் உன்னைத் தன் மகள் என்று நினைக்கிறார், அப்படிக் கூப்பிட்டால்தான் வாயைத் திறக்கிறார் என்ற விளக்கமெல்லாம் வாசித்தேன். வாசித்தும் எனக்குப் பற்றிக்கொண்டுதான் வந்தது. ஒளிக்காமல் எழுதுகிறேன் மகள், எனக்கு அந்த மனுஷர் மேல் பொறாமை. நீ பெரிய பிள்ளையாகி வெட்கப்படத் தொடங்கும்வரைக்கும் உனக்குப் பால்மீன் முள் எடுத்துத் தந்தது யார்? மயிர் போல மெல்லிய முள்ளைக்கூட விரலால் தடவித் தடவி எடுத்து, சோற்றோடு பிசைந்து வைத்தால்தான் தின்பாய். முள் எடுக்கத் தெரியாமல்தான் பிளேனும் ஏறினாய். இப்போது அந்த வேலையை இவ்வளவு நேர்த்தியாகச் செய்கிறாய், எனக்கு ஒரு நாளாவது ஒரு முள் எடுத்துத் தந்திருக்கிறாயா?

அந்த எரிச்சலில்தான் நானும் குச்சி பிடிக்கத் தொடங்கினேன். அவருக்குக் கிடைப்பது என்ன ருசி என்று பார்க்கலாமே என்று ஒரு வீம்பு. ஆனால் இத்தனை வருஷமாக இரண்டு கையிலும் தகடு பிடித்துக் கொத்து ரொட்டி அடித்த ஆளுக்கு ஒரே கையில் இரண்டைப் பிடி என்றால் கை கேட்கிறதா? என்னையறியாமலே கைக்கு ஒன்றாகப் பிடித்துக்கொண்டு தட்டிலிருந்த புட்டையும் மீனையும் டக்கு டக்கென்று கொத்திவிட்டேன். புட்டு அம்மாவின் மடியில், மீன் வாசற்படியில், பூனைக்குத்தான் அன்றைக்கு விருந்து. வலது கையில் இரண்டையும் சேர்த்துப் பிடித்தால் ஒன்று மேலே போகிறது, மற்றது மேசைக்குக் கீழே போகிறது. இடது கையால் கொஞ்சம் சரிவந்தது, அதைக் கண்டதும் அம்மா இடக்கையால் சோறு தின்கிற மனுஷனோடு குடும்பம் நடத்த ஏலாது என்று கத்தினாள். மீன் கொண்டுவரும் ஏறாவூர் ஹமீட் இருக்கிறானே, அவன் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தான். மச்சான், நீ இத வெச்சி மீன் திங்கிறத்துக்குள்ள அது திரும்ப ஆத்துக்கு நீந்திப் போயிரும் என்றான். கடைக்குச் சாப்பிட வந்திருந்த கம்பஸ் பிள்ளைகளும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சாப்பிடத்தான் உதவவில்லையே தவிர, குச்சி வீட்டில் சும்மா கிடக்கிறது என்று நினைக்காதே. அம்மா இரண்டையும் சேர்த்துப் பிடித்துக் குழலுக்குள் இருந்து புட்டைத் தள்ளுகிறாள், பாவாடைக்கு நாடா கோர்க்கிறாள், கொதிக்கிற எண்ணெயில் பப்படம் திருப்புகிறாள், கைவேலை முடிந்தால் கொண்டையில் செருகிவிடுகிறாள், பிறகு குச்சியைக் காணவில்லை என்று வீடெல்லாம் தேடுவதும் அவளே. நான் கண்டுபிடித்தது நண்டுக்கு. காலை உடைத்து மெல்லிய நுனியால் உள்ளே ஒரு தள்ளுத் தள்ளினால் சதை முழுசாக மறுபக்கத்தால் வந்து விழுகிறது, கடித்துத் துப்பிச் சொண்டைக் கிழித்துக்கொள்ளத் தேவையில்லை. இப்போது நண்டுக் கறி கேட்கிறவர்கள் அந்தக் குச்சியையும் தாங்க அண்ணன் என்கிறார்கள். எல்லோருக்கும் நான்தான் எடுத்துக் கொடுக்கிறேன் மகள். கொடுக்கும்போதெல்லாம், எங்கேயோ ஒரு கிழவனுக்கு என் பிள்ளை எடுத்துக் கொடுக்கிறாள் என்ற நினைப்பு வந்து கறியில் உப்புக் கூடிவிடுகிறது.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். இவ்வளவு நேரம் சுற்றி வளைத்தது அதற்குத்தான். பங்குனியில் உன் ஒப்பந்தம் முடிகிறது, வேறு யார் கையாலும் மொரிதா ஐயா சாப்பிடுகிறார் இல்லை, இன்னும் ஒரு வருஷம் நிற்க முடியுமா என்று இல்லத்தில் கேட்கிறார்கள், அப்பா நீங்க சொல்றதுதான் என்று எழுதியிருந்தாய். உடனே வா என்று எழுதத்தான் பேனையை எடுத்தேன். அப்போது அம்மா ஒன்று சொன்னாள். அவருடைய சொந்த மகள் மாதாமாதம் ரயிலேறி வருகிறாள், அவளைக் கண்டால் அவர் வாயை இறுக்கிக்கொள்கிறார் என்று நீ அம்மாவுக்குப் போனில் சொன்னாயாம். நீங்க இஞ்ச இருந்து இந்த எரி எரியிறீங்க, அந்தப் பொம்புள பக்கத்திலயே நிண்டு பாத்துக்கிட்டிருக்கா, அவக்கு எப்பிடி இருக்கும் என்றாள். வீடியோவைத் திரும்பவும் போட்டுப் பார்த்தேன். அத்தனை தரம் பார்த்தும் மொரிதாவின் வாயைத் தவிர வேறெதையும் நான் பார்க்கவில்லை. சுவர் ஓரமாகக் கைப்பையை நெஞ்சோடு பிடித்தபடி ஒரு பெண் நிற்கிறாள், உன் கையையே பார்க்கிறாள். அந்தப் பார்வை எனக்கு நல்லாய்த் தெரியும்.

அதனால் மகள், இப்படிச் செய். அடுத்த தரம் அவருடைய மகள் வரும்போது அவளை உனக்குப் பக்கத்தில் இருத்து. முள்ளை நீ எடு, குச்சியை அவள் கையில் கொடு. ஒத்தோசான் என்று நீ கூப்பிடு, அவர் வாய் திறந்ததும் அவள் வைக்கட்டும். பிறகு கூப்பிடுவதையும் அவளிடமே விடு. துப்புவார், தட்டிவிடுவார், விடாதே. பங்குனிக்குள் சரிவந்தால் நல்லது. வராவிட்டால், எனக்கு எழுதக் கை வரவில்லை, என்றாலும் எழுதுகிறேன், அவர் தன் மகளின் கையால் சாப்பிடும்வரைக்கும் நில். நான் பொறுத்துக்கொள்கிறேன். அதற்குப் பிறகு ஒரு நாள்கூட நிற்காதே.

அவள் ஊட்டுகிற வீடியோ இருந்தால் அனுப்பு. நீ ஊட்டுகிறது இனி வேண்டாம். காலுறை போடாமல் திரியாதே, இரவு வேலை என்றால் ஏதாவது சூடாகக் குடித்துவிட்டுப் போ. மாமாங்கப் பிள்ளையார் உன் கைக்கும் காலுக்கும் காவல் இருப்பார்.

இப்படிக்கு,
உன்னுடைய ஒரேயொரு அப்பா,
க. உதயரூபன்