நீ போடாத கல்

சலீமு, என் ராசா,

பெண்கள் கபர்க்குழிப் பக்கம் வரக்கூடாது என்கிறார்கள் நம் ஊரில். அதனால்தான் எழுதுகிறேன். யார் படித்தாலும் படிக்கட்டும்.

முதலில் சேதி. நம் ஏலக்காய்த் தோட்டத்துக்குக் கீழே இருக்கிற ஊர்க்குட்டை தெளிந்துவிட்டது. போடிமெட்டிலிருந்து இறங்கும் ஜீப்புக்காரர்கள்கூட நிறுத்திப் பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

நாம் போடுகிற உரத்தின் மணிச்சத்து, அந்தப் பாஸ்பரஸ், மழையோடு இறங்கித்தான் குட்டை பாசி பிடித்து நாறுகிறது என்று நீ சொன்னபோது சிரித்தேன். நீ விடவில்லை. ஜல்லி மாதிரி இருந்த இரும்பு உருக்காலைக் கசட்டுக்கல்லை ஒரு லாரி லோடு கொண்டுவந்து இறக்கினாய். ஓடை குட்டையில் விழும் இடத்தில் வாய்க்கால் வெட்டி அதை நிரப்பினால், மணிச்சத்தைக் கல்லே பிடித்து வைத்துக்கொள்ளும் என்றாய்.

"ஆனா இப்பப் போட்டுறாதக்கா. புதுக்கல்லு சுண்ணாம்பு மாதிரி காரம் கக்கும். ஒரு மழைக்காலம் வெளிய கெடந்து நனையட்டும்."

எத்தனை தடவை சொன்னாய்?

எனக்குப் பொறுமை ஏது? நீ மதுரைக்கு ரயிலேறிய அன்றே, "தம்பி போடச் சொல்லுச்சு, வெரசா ஆகட்டும்" என்று ஆட்களிடம் பொய் சொல்லி வாய்க்காலை நிரப்பினேன். நீ திரும்பி வந்த காலையில் குட்டை மீனெல்லாம் செத்து மிதந்தது. ஊரே கரையில் நின்றது.

"யாருய்யா போட்டது?"

என்னை ஒரு தரம் பார்த்தாய். "நான்தான்" என்றாய். பிறகு இறங்கிச் செத்த மீனை அள்ளினாய். சேறு உன் ஒரு செருப்பை இழுத்துக்கொண்டது. நான் வாயைத் திறக்கவில்லை.

அந்த வருசமே நெஞ்சுவலி உன்னைக் கொண்டுபோனது. உன் உடலை வைத்துத் தொழுகிற ஜனாஸா தொழுகைக்கு முன் உன் மச்சான், என் வீட்டுக்காரர், எழுந்து, "எம் மச்சினன் யாருக்காச்சும் கெடுதல் செஞ்சிருந்தா மன்னிச்சிருங்க" என்று கேட்டாராம். "குட்டை விசயத்தையும் மன்னிச்சிட்டோம்" என்றார்களாம். எனக்கு ஆறுதலாக இருக்கும் என்று அவர் வந்து சொன்னார். நான் செய்ததற்கு உன்னை மன்னித்திருக்கிறார்கள்.  ஒரு காலில் செருப்போடும் ஒரு காலில் இல்லாமலும் யாரோ முற்றத்தில் நடக்கிற சத்தம் அன்றிலிருந்து தினமும் கேட்கிறது. நீதானா அது?

மீன் செத்த பிறகு வாய்க்காலிலிருந்து வாரி வெளியே கொட்டிய கல் இரண்டு மழைக்காலம் நனைந்தது. இந்த வருசம் நானே திரும்பப் போட்டேன். புதிதாக விட்ட மீன்குஞ்சுகள் ஓடி விளையாடுகின்றன. நேற்று தரை தெரிந்தது. தரையில் உன் செருப்பும் தெரிந்தது.

"ஒங்க தம்பியும் இப்படி நிதானமாச் செஞ்சிருக்கலாம்" என்றார் பக்கத்துத் தோட்டத்துப் பரமசிவம் அண்ணன்.

"ஆமாண்ணே" என்றேன். மறுபடியும் உன்னைக் காட்டிக்கொடுத்தேன், சலீமு.

வருகிற வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து எல்லோரும் வெளியே வரும்போது, பள்ளிவாசல் கேட்டில் உன் செருப்போடு நிற்பேன். பரமசிவம் அண்ணனையும் வரச் சொல்லிவிட்டேன். கல்லைப் போட்டது நான் என்று சொல்வேன். ஏசினால் ஏசட்டும். நான் செத்தபின் என் மையத்தை வைத்துக்கொண்டு எனக்காக யாரும் மன்னிப்புக் கேட்க வேண்டாம். உயிரோடு நானே கேட்டுக்கொள்கிறேன்.

உன் பேரை உனக்குத் திருப்பித் தரப்போகிற
ரஜியா அக்கா