உலர்ந்திருந்த ரப்பர் தவளை

அன்புள்ள மங்கைக்கு,

1. இதை எழுதுபவன் உன் கணவன், வில்லியனூர் வழக்கறிஞன். நீ குருவிநத்தத்துத் தாய்வீட்டுக்குச் சென்று இரண்டு மாதம் ஆகிறது.

2. ஞாயிறன்று நான் திருக்கனூர் சென்றிருந்தபோது, பூட்டிய வீட்டிலிருந்த என் தூண்டிலை யாரோ எடுத்துப் பயன்படுத்திவிட்டுத் திரும்ப வைத்திருக்கிறார். பூட்டு உடையவில்லை. முதலில் உன் தம்பியைச் சந்தேகித்தேன். ஆனால் வந்தவர் ரீலின் இறுக்கத்தைத் தளர்த்தி, இரையாக மாட்டும் ரப்பர் தவளைக்குள் புகுந்த நீரைப் பிழிந்து, கொக்கிக்குத் தேங்காயெண்ணெய் தடவியிருக்கிறார். உன் தம்பி தன் பைக்கைக்கூடத் துடைக்காதவன்.

எதிர்வீட்டு அனுப்பிரியாவை விசாரித்தேன்.

"இன்னா சார், அக்காதான் வந்துச்சு. இம்மாம் பெரிய வெரால் புடிச்சாந்துச்சு! உங்களுக்குத் தெரியாதா?"

இரண்டு மாதத்துக்கு முன் ஏரிக்கரையில் ரீலை முழுக்க இறுக்கி வைத்தவன் நான். விரால் இழுத்ததும் நூல் அறுந்தது. நீ போட்ட முடிச்சே காரணம் என்று நாலு பேர் முன்னிலையில் உன்னைக் குறுக்கு விசாரணை செய்தேன். இப்போது தவளையில் இருப்பதும் உன் முடிச்சுதான். அது அவிழவில்லை.

பூட்டை நான் மாற்றவில்லை. வரும் ஞாயிறு திருக்கனூருக்குப் போகவும் மாட்டேன்.

இப்படிக்கு,
குற்றத்தை ஒப்புக்கொள்ளும் உன் கணவன்

சாட்சிகள்:
அனுப்பிரியா
அவள் கணவர் அரங்கநாதன் (விரால் குழம்பில் பங்கு பெற்றவர்)