ஸ்பீக்கர் பக்கத்து நாற்காலி

மட்டாஞ்சேரி
வியாழக்கிழமை

அன்புள்ள அலாவுதீன் இக்காவுக்கு ஜொஹராவின் ஸலாம். ஷார்ஜாவில் மகன் வீட்டில் நலம்தானே? முட்டுவலி குறைந்ததா?

இன்று காலை முதல் வேலையாக, ஆஸிமின் தலைமாட்டில் அடித்துக்கொண்டிருந்த போன் அலாரத்தைப் பக்கத்து அறையிலிருந்து எழுந்து வந்து அணைத்தேன். உங்கள் சிநேகிதர் அசையாமல் தூங்கிக்கொண்டிருந்தார்.

இதைப் போனில் சொல்லலாம். ஆனால் உங்கள் பெயரைப் பார்த்ததும் அவர் போனை வாங்கி ஸ்பீக்கரில் போட்டுவிடுவார். அதனால் எழுதுகிறேன்.

ஃபோர்ட் கொச்சியில் இப்போது தெருவுக்கு ஒரு கஃபேயில் பாட்டு. சனி, ஞாயிறு மாலைகளில் என்னை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு ஒவ்வொன்றாகச் சுற்றுகிறார். கல்யாணமான நாளிலிருந்து நாங்கள் இப்படிச் சுற்றியதில்லை. எனக்கும் பிடித்துத்தான் இருந்தது. ஆனால் எங்கே போனாலும் ஸ்பீக்கர் பக்கத்து நாற்காலியைத்தான் பிடிக்கிறார். எனக்குக் காது அடைத்துப்போகிறது. அவரோ, இந்தப் பிள்ளைகளுக்குத் தொண்டையே இல்லை என்கிறார்.

நம் கடை மாடியில் கூடிப் பாடிய மெஹ்ஃபிலில் இது வெளியே தெரியவில்லை. பாடும்போது அவர் சுருதி விலகினால், ஆர்மோனியத்தில் உங்கள் விரல்கள் அவர் போன இடத்துக்கே போய்விடும். தலை நிமிராமல் செய்வீர்கள். அன்பினால் செய்தது என்று எனக்குத் தெரியும். ஆனால் தான் விலகியதை அவர் இன்றுவரை அறியவில்லை.

எர்ணாகுளத்தில் காது டாக்டரைப் பார்க்கலாம் என்றேன். "உன் குரல்தான் தேஞ்சுபோச்சு, நீ போய்க் காட்டு" என்று சிரித்தார்.

இந்தச் சனிக்கிழமை ஒரு கஃபேயில் பாட ஒத்துக்கொண்டிருக்கிறார். நேற்று ஒத்திகை. கிட்டார் வாசிக்கும் சுதீர் மரியாதையான பையன். இரண்டு தடவை நிறுத்தி, "இக்கா, சுருதி போயி" என்று கைகாட்டிச் சொன்னான். "மோனே, நீ முதல்ல கம்பிய முறுக்கு" என்றார் இவர். மற்றவர்கள் குனிந்துகொண்டு சிரித்ததை நான் பார்த்தேன். அவர் கண்ணை மூடி அடுத்த வரிக்குப் போய்விட்டார்.

புது ஜிப்பாவை இஸ்திரி போட்டு மாட்டியிருக்கிறேன். அதைச் செய்ய மட்டும் எனக்குத் தெரிகிறது.

இது உங்கள் கைக்கு வரும்போது சனிக்கிழமை கடந்திருக்கும். அதனால்தான் யாரிடமும் சொல்லாததை உங்களுக்கு எழுத முடிகிறது. நாளை ஜும்ஆ தொழுகை முடிந்து வந்து அவர் சாப்பிட்டதும், நானே சொல்லிவிடப் போகிறேன். மெதுவாகச் சொன்னால் அவருக்குக் கேட்காது. இப்படி ஒன்றை எப்படி இக்கா உரக்கச் சொல்வது? முதலில் ஜன்னல்களைச் சாத்துவேன்.

எங்கள் இருவருக்காகவும் துஆ செய்யுங்கள்.

உங்கள் தங்கை,
ஜொஹரா