கயிற்றைக் கண்டால் படுத்துவிடும் நாய்

மார்ச் 4, செவ்வாய்

மகள் கொண்டுவந்த நாய் இன்றும் நடக்கவில்லை. கழுத்துப்பட்டையில் கயிற்றை மாட்டியதும் வாசலிலேயே படுத்துவிட்டது. இழுத்தால் நாலு காலும் மரக்கட்டை. கழற்றியதும் எழுந்து, ஒன்றும் நடக்காதது போல வாலாட்டுகிறது. கயிறென்றால்தான் பயம். யார் காட்டிய பயம்?

"நாலு நாள் இருந்துட்டுப் போறேம்மா" என்று பெட்டியோடு வந்தவளும் கிளம்புகிற வழியைக் காணோம்.

மார்ச் 5, புதன்

மாப்பிள்ளை போன் செய்தார். "அத்தை, குண்டன் சாப்பிட்டானா?" பெண்டாட்டியைக் கேட்கவில்லை, நாயைக் கேட்கிறார்! அப்புறம் தயங்கித் தயங்கி, "அவனை அவகூட அனுப்பாதீங்க. நீங்களே வெளிய கூட்டிட்டுப் போங்க" என்றார்.

ஏன்? என் மகள் தெருவில் இறங்கக்கூடாதா? அங்கேயும் இப்படித்தான் அடைத்து வைத்தாரோ? பேச்சில் மட்டும் தேன் ஒழுகுகிறது.

மார்ச் 7, வெள்ளி

நடக்க மாட்டேன் என்றதால் நாய் டாக்டரிடம் தூக்கிக்கொண்டே போனேன். என் இடுப்பு கழன்றுவிட்டது. அவர் பட்டையைக் கழற்றி, முடியை விலக்கிக் காட்டினார். தோல் உரிந்து ஆறிய தழும்பு. "யாரோ வெடுக்கு வெடுக்குனு இழுத்திருக்காங்க. ஒரு தடவை இல்ல, பல தடவை. இனிமே கழுத்துல மாட்டாதீங்க, நெஞ்சோட சேர்த்து மாட்டுற பட்டை வாங்குங்க."

நாய்க்கே இப்படியென்றால் — என் பெண்ணுக்கு?

அவள் குளித்துவிட்டு வந்தபோது கையையும் கழுத்தையும் திருட்டுத்தனமாகப் பார்த்தேன். ஒன்றுமில்லை. வெளியே தெரியாத இடம் எத்தனை இருக்கிறது!

மார்ச் 8, சனி

கேட்டேவிட்டேன். "அவர் கை நீட்டுவாராடி?" "உளறாதம்மா!" என்று கதவைச் சாத்திக்கொண்டாள். இல்லை என்று சொல்லவில்லையே.

மார்ச் 9, ஞாயிறு

மாப்பிள்ளை சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றார். வரட்டும், நாக்கைப் பிடுங்கிக்கொள்வது போல நாலு கேள்வி கேட்கலாம் என்றிருந்தேன். அதற்குள் நாய் என்னைத் தள்ளிக்கொண்டு ஓடி, அவர் மேல் ஏறி, முகமெல்லாம் நக்கியது. மனுஷன் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். என் கேள்வியெல்லாம் தொண்டையோடு சரி.

மகள் ஆணியில் தொங்கிய கயிற்றை எடுத்தாள். மடித்து வைக்கத்தான். நாய் அவள் கையைப் பார்த்தது. அப்படியே தரையோடு ஒட்டிக்கொண்டு மூத்திரம் போய்விட்டது.

மகள் கயிற்றைக் கீழே போட்டாள். அப்புறம் அவள்தான், "வேலை போனதுல இருந்தும்மா... காலைல எல்லாரும் ஆபீஸ் போறாங்க, நான் நாயப் பிடிச்சுட்டு நிக்கிறேன். அது ஒவ்வொண்ணா மோந்துட்டு நகராது. எரிச்சல் எரிச்சலா வரும். இழுப்பேன்."

வேலை போனதே எனக்குத் தெரியாது.

"அவளே சொல்லட்டும்னு இருந்தேன் அத்தை" என்றார் மாப்பிள்ளை, தலை நிமிராமல். என் முகத்தைத்தான் எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

மார்ச் 16, ஞாயிறு

புதுப் பட்டையோடு குண்டன் தெருமுனை வரை நடந்தான். மின்கம்பம் மின்கம்பமாக மோந்து தீர்க்கும்வரை நின்றேன். மகள் கொஞ்சம் பின்னால் வந்தாள். அவன் திரும்பித் திரும்பிப் பார்த்தான். நானும்தான்.

"நான் பிடிக்கட்டுமாம்மா?"

"நாளைக்கு" என்றேன். நேற்றும் அதையேதான் சொன்னேன்.