இடைவிடாமல் துடைத்த தட்டு

பத்து காவான், பினாங்கு

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் சுகம். உங்கள் முழங்கால் வலியும் அம்மாவின் இருமலும் எப்படி?

என் வேலை உங்களுக்குத் தெரியும். ஆங்கில வேலைக் குறிப்புகளில் ஆட்கள் மாற்றிப்போட்டுவிடும் சொற்களைப் பிடித்து, எங்கள் மெக்சிகோ தொழிற்சாலைக்குச் சரியான ஸ்பானிஷில் அனுப்ப வேண்டும். போன வாரம் ஒரு சின்னக் கூத்து. இயந்திரத்தின் தட்டை அவ்வப்போது துடைக்கச் சொல்ல வந்த மேற்பார்வையாளர் ஹைதர் அங்கிள், இடைவிடாமல் துடைக்கும்படி எழுதிவிட்டார். 'கன்டினுவல்', 'கன்டினுவஸ்' என்ற அந்த இரண்டு ஆங்கிலச் சொற்களையும் பலர் குழப்பிக்கொள்வார்கள். எனக்குச் சந்தேகம் வந்தது. ஆனால் அவருக்கு உங்கள் வயது. எல்லோர் முன்னாலும் கேட்க மனம் வராமல், எழுதியிருந்தபடியே ஸ்பானிஷில் அனுப்பிவிட்டேன். அங்கே ஒரு பெண் இரண்டு நாள் வேலை நேரம் முழுவதும் கையெடுக்காமல் துடைத்திருக்கிறாள். அவளும் யாரையும் கேட்கவில்லை.

ஹைதர் அங்கிள் கோபிக்கவில்லை. "ஏம்மா, கேட்டா நான் என்ன கடிச்சா தின்னுடுவேன்? அடுத்த வாட்டி கேட்டுடுலா" என்றார்.

இந்தக் கடிதத்தைக் கொண்டுவரும் ஸ்ரீகரன் அண்ணாவிடம், அவர் திரும்பும்போது அம்மா இடித்த கறித்தூள் கொடுத்துவிடுங்கள். இங்கே லிட்டில் இந்தியாக் கடைகளில் எல்லாத் தூளும் கிடைக்கிறது, அந்த வறுத்த நிறம்தான் இல்லை. ஒருத்திக்குக் கால் கிலோ போதும்.

கம்பெனி வேன் வந்துவிட்டது. அப்பா, மூன்று வருஷமாகத் தொலைபேசியில் மழையைக் கேட்கிறீர்கள், சாப்பாட்டைக் கேட்கிறீர்கள். எப்போது வருவாய் என்று மட்டும் கேட்பதில்லை.

கேளுங்கள்.

உங்கள் மகள்,
தர்மினி