மடிப்புக்குள் இருந்த கோடு

உன் மகள் வாங்கி வந்த தோள்பை தறிக்குப் பக்கத்து ஆணியில் தொங்குகிறது. புதுத்துணி மணம் இன்னும் போகவில்லை. கடையில் தெளித்த ஏதோ வாசனையும் அதோடு சேர்ந்திருக்கிறது. கதவைத் திறந்தால் வாவிக் காற்று வந்து அதை மெல்ல ஆட்டும். ஆடும்போது அதன் நடுவில் உள்ள மெல்லிய கோட்டினூடாக வெளிச்சம் தெரியும்.

நான் அதைத் தொடுவதில்லை. கழற்றி எறியவும் மனம் வரவில்லை. அதைப் பார்த்துப் பார்த்துத்தான் உனக்கு எழுதவேண்டும் என்று தோன்றியது. எனக்கு எழுத்து அவ்வளவு வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள். பிழை கண்டால் சிரிக்காதே. சிரித்தாலும் இனி எனக்குக் கேட்கப் போவதில்லை.

கடல் வந்து போன பிறகு நீ டச்பாரிலிருந்தும் நான் நாவலடியிலிருந்தும் திராய்மடுவுக்கு வந்தோம். என் வீட்டில் என்னைத் தவிர ஒருவரையும் கடல் விட்டுவைக்கவில்லை. உனக்கு மகள் மிஞ்சியிருந்தாள். ஒரே மாதிரி வீடுகளில் உன் சுவரும் என் சுவரும் ஒன்று. உதவி கொடுக்க வந்தவர்கள் எங்களைக் கூப்பிட்டு, தையல் மெசின் வேண்டுமா தறி வேண்டுமா என்று கேட்டார்கள். நீ யோசிக்காமல் மெசின் என்றாய். பரம்பரையாகத் தைக்கிற பறங்கிப் பெண்ணின் காலுக்கு மெசின்தான் தெரியும் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னாய். நான் தறி என்றேன். கல்யாணத்துக்கு முதல் நெசவு நிலையத்தில் கொஞ்சக் காலம் வேலை செய்திருந்தேன், வேறொன்றும் தெரியாது.

தறி, உழவு மெசின் பின்னால் இழுத்துவந்த பெட்டியில் வந்தது. வளைவில் கயிறு கழன்று சரிந்ததில், நூலை ஒவ்வொன்றாகப் பிரித்து வைக்கும் சீப்புப் போன்ற அந்த அச்சில் ஒரு பல் உடைந்துவிட்டது. வேறு அனுப்புகிறோம் என்றார்கள். அனுப்பவில்லை. உடைந்த இடத்தில் நூல் கோத்தால் உரசி உரசி அறுந்துகொண்டே இருந்தது. ஆகவே அந்த இடத்தை வெறுமையாக விட்டு நெய்தேன். துணி இறங்கியதும் பார்த்தால், நீலமும் பச்சையும் சாம்பலும் கலந்த என் வாவித் துணியில் மேலிருந்து கீழ்வரை ஒரு மயிர்க்கோடு. தூக்கிப் பிடித்தால் அதற்குள்ளால் வெயில் தெரிந்தது.

வெட்கத்தோடு உன்னிடம் கொண்டுவந்தேன். நீ அதை முகத்துக்கு நேரே பிடித்து, கோட்டுக்குள்ளால் என்னைப் பார்த்தாய்.

"என்ன புள்ள, துணி கேட்டா கரைவலை நெய்ஞ்சு தந்திரிக்காய்?"

"மீன் பட்டா பாதி உனக்குத்தான்கா," என்றேன்.

"மீன் வேணாம், துணிய வை. இந்தக் கோட்டுல மடிச்சுத்தான் நான் தைக்கப் போறன். உள்ளுக்குப் போனா ஆருக்குத் தெரியும்?"

அப்படித்தான் தைத்தாய். பையானாலும் சட்டையானாலும் தலைப்பட்டியானாலும், அந்தக் கோடு எப்போதும் தையல் மடிப்புக்குள்ளே போய்விடும். எவ்வளவு காலம் விற்றோம்! மாமாங்கத் தீர்த்தத் திருவிழாவில் சாக்கை விரித்து, பாசிக்குடாவில் வெள்ளைக்காரரின் பின்னால் நடந்து, ஆஸ்பத்திரித் தாதிமாரின் விடுதி வாசலில் நின்று. வாங்கிய ஒருவருக்கும் கோடு தெரியாது. அது உனக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த சங்கதி. வெட்டாத துணி என் தறியிலிருந்து உன் மெசினுக்குத்தான் போகும். வேறு எங்கும் போனதில்லை.

புது அச்சு வாங்குவோம் என்று நான் சொன்ன நேரமெல்லாம் நீதான் தடுத்தாய். "கிடக்கட்டும் புள்ள. எனக்கு மடிக்கிற அடையாளம் அது. அது இல்லாட்டி என்ட தையல் கோணிப் போகும்" என்பாய்.

கறுப்புக் கண்ணாடி போட்ட கொழும்புப் பெண் வான் வண்டியில் வந்த நாள் உனக்கு நினைவிருக்குமா? துணியைத் தடவித் தடவிப் பார்த்துவிட்டு, மாதிரிக்கு ஒரு முழுத்துணி தாருங்கள், நாங்கள் நிறைய நெய்வித்துக் கடையில் போடுகிறோம் என்றாள். நான் என்ன சொல்வதென்று தெரியாமல் உன் முகத்தைப் பார்த்தேன். நீ இடுப்பில் கை வைத்துக்கொண்டு எழுந்தாய்.

"தைச்சது வேணுமெண்டா எடுங்க மிஸ். வெட்டாத துணி தர ஏலா. எங்கட கையால செய்யிறத நாங்கதான் விப்பம்."

வான் போன பிறகு தேத்தண்ணீர் ஊற்றித் தந்தாய். அவள் நடந்ததுபோல் நடந்து காட்டினாய். நான் சிரித்துத் தேத்தண்ணீரைச் சட்டையில் ஊற்றிக்கொண்டேன். அந்த வார்த்தையை வைத்துக்கொண்டுதான் நான் இவ்வளவு காலமும் தறியில் இருந்தேன். நாங்கதான் விப்பம். வேறு யார் சொன்னாலும் நம்பியிருக்க மாட்டேன்.

பிறகு உனக்கு வயிற்று நோ தொடங்கியது. மெசின் மிதிக்கக் கால் சோர்ந்தது. அந்த நாட்களில் ஒருநாள் சுவருக்கு அங்கால் இருந்து கூப்பிட்டுக் கேட்டாய்.

"எனக்கொரு முழுத்துணி நெய்ஞ்சு தாகா. மகளுக்கு ஒரு உடுப்புத் தைக்கணும். நல்லா நெய், என்ட கடைசித் தையலா இரிக்கும்."

"வாய மூடுகா" என்று ஏசினேன். ஆனால் அந்தத் துணியை நெய்ததுபோல் நான் வேறெதையும் நெய்ததில்லை. சாம்பல் நூலுக்குள் விடியற்கால வாவி நிறத்தைக் கொண்டுவர மூன்று தரம் சாயம் போட்டேன். கொண்டுவந்து தந்தபோது நீ அதை விரித்துக்கூடப் பார்க்கவில்லை. மடித்தபடியே தலையணைக்கு அடியில் வைத்தாய். நோவில் இருக்கிறாய் என்று நினைத்தேன். அந்த உடுப்பை நான் காணவே இல்லை. கேட்கவும் இல்லை. சாகக் கிடக்கிறவளிடம் துணிக் கணக்கா கேட்பது?

கொஞ்ச நாளில் உன் மகளுக்குக் கொழும்பில் ஒரு துணிக்கடையில் வேலை கிடைத்தது. அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தினாய். நானும் கூட வந்து கொளுத்தினேன்.

ஆஸ்பத்திரியில் உனக்குக் கஞ்சி பருக்கியது நான். தலை துடைத்து, உடுப்பு மாற்றி, முதுகைத் தடவிவிட்டதும் நான்தான். ஒரு பின்னேரம் என் மணிக்கட்டைப் பிடித்தாய். உன் விரலில் ஊசி குத்திக் குத்திக் காய்த்த இடம் மட்டும் அப்போதும் கட்டியாகத்தான் இருந்தது.

"புள்ள, அந்த அச்ச மாத்து."

"இப்ப என்னத்துக்கு அந்தக் கதை?"

"மாத்து. கோடில்லாம நெய்."

இனித் தைத்து மறைக்க நீ இருக்கமாட்டாய் என்பதற்காகச் சொல்கிறாய் என்று நினைத்தேன். வெளியே வந்து தாழ்வாரத்தில் நின்று அழுதேன். நீ போன பிறகு, உன் சவப்பெட்டியை மூடுவதற்கு முன், நான் நெய்த ஒரு துண்டை உன் கால்மாட்டில் போர்த்திவிட்டேன். அதை இப்போது திருப்பிக் கேட்க முடியாது என்பதுதான் எனக்கு ஆத்திரம்.

இந்த வருடம் உன் ஆண்டுப் பூசைக்கு மகள் லீவு எடுத்து வந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றமுதலே பையை நீட்டினாள்.

"அன்ரி, இஞ்ச பாருங்க! எங்கட கடையில புதுசா வந்திரிக்கி. அப்பிடியே உங்கட துணி மாதிரி. மம்மிட ஞாபகம் வந்திட்டு, அதான் வாங்கித்து வந்தன்."

வாங்கிப் பார்த்தேன். நீலம், பச்சை, சாம்பல். விடியற்கால வாவி. பையின் நெஞ்சுக்கு நேரே, எல்லோரும் பார்க்கும்படி, என் உடைந்த பல்லின் கோடு.

அங்கே ஓர் அச்சும் உடைந்திருக்காது. நல்ல தறி, நல்ல அச்சு. என் துணியை மாதிரிக்கு வைத்துக்கொண்டு, அதில் இருந்த பிழையையும் அழகென்று நினைத்து நெய்திருக்கிறார்கள். பையில் தொங்கிய இங்கிலீசு அட்டையை உன் மகள் எனக்காகத் தமிழில் வாசித்தாள்.

"வாவியில விழுற நிலவுக் கோடாம் அன்ரி. வடிவா எழுதியிரிக்காங்க, என்ன?"

"ஓம் மகள், வடிவுதான்" என்றேன்.

தைத்து விற்ற பையைப் பார்த்து ஒருவரும் அந்தக் கோட்டை எடுக்க முடியாது. அது மடிப்புக்குள் இருந்தது. வெட்டாத துணியைக் கண்டவர்கள்தான் எடுக்கலாம். வெட்டாத துணி உன் தலையணைக்கு அடியில் இருந்தது. உன் மகள் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டே மேலும் சொன்னாள்: "கறுப்புக் கண்ணாடி மேடம்தான் என்னை வேலைக்கு எடுத்தவ. மம்மிட தையலப் பாத்துத்தான் எடுத்தவவாம்." அந்தப் பிள்ளையின் முகத்தில் உன் மீது அவ்வளவு பெருமை. நான் அடுப்படிக்குப் போய், அடுப்பில் ஒன்றும் இல்லாமலே நின்றேன்.

அந்தக் கிழமைதான் வாவிக்கரைப் பூங்காவில் கைப்பணிக் கண்காட்சி வைத்தார்கள். நீ போன பிறகு தையலும் நான்தான். நான் தைத்தால் கோடு மடிப்புக்குள் நிற்பதில்லை, எப்படியோ வெளியே வந்துவிடுகிறது. உன் மகள் எனக்கு உதவிக்கு வந்து, பைகளைக் கயிற்றில் வரிசையாகத் தொங்கவிட்டாள். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஒரு பிள்ளை வந்து போனைத் தட்டித் தட்டிப் பார்த்தாள்.

"அக்கா, இது கொழும்புக் கடையிட டிசைன்தானே? அந்தக் கோட்டையும் விடாம அப்பிடியே கொப்பியடிச்சிரிக்கீங்க!"

அதைக் கேட்டுக் கண்காட்சிக்குப் பொறுப்பான மிஸ் வந்தாள். நல்ல பிள்ளை, மரியாதையாகத்தான் பேசினாள்.

"குறை நினைக்காதீங்க அக்கா. மற்றாக்கள்ர டிசைன இஞ்ச விக்க விட ஏலா."

உன் மகள் விடவில்லை. "எங்கட அன்ரி நான் சின்னப் புள்ளையா இரிக்கக்குள்ள இருந்து நெய்யிறா! எங்கட மம்மிதான் தைச்ச. ஆர் ஆரப் பாத்து அடிச்ச?"

"அப்பிடியெண்டா தங்கச்சி, இவட துணி எப்பிடிக் கொழும்புக்குப் போன?"

உன் மகள் வாயைத் திறந்தாள். என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தக் கேள்வி அவளுடைய கண்ணுக்குள் மெல்ல இறங்குவதை நான் கண்டேன். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் அவளே எண்ணி எண்ணிப் போய்த் தலையணையடிக்கு வந்திருப்பாள். வாருங்கள், என் தறியைக் காட்டுகிறேன், உடைந்த பல்லைப் பாருங்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், என் துணி எனக்கு வந்துவிடும். உன் மகளுக்கு நீ இல்லாமல் போய்விடுவாய்.

"ஓம் மிஸ்," என்றேன். "இவள் கொண்டுவந்த பையப் பாத்துத்தான் நெய்ஞ்சன். பிழைதான்."

பைகளை நானே கழற்றிச் சாக்கில் போட்டேன். பக்கத்தில் பன்புல்லில் பின்னிய பெட்டி வைத்திருந்த பெண் என்னைப் பார்க்காமல் இருப்பதற்காகப் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

பஸ்ஸில் உன் மகள் கேட்டாள். "ஏன் அன்ரி அப்பிடிச் சொன்னீங்க?"

"அவங்களோட என்னத்துக்கு மகள் சண்டை. வெயில்."

"மம்மி இருந்திருந்தா அந்த மிஸ்ஸிட வாயக் கிழிச்சிருப்பா."

ஓம் என்று தலையாட்டினேன். கேட்டாயா? அந்த ஓமையும் நீதான் என் வாயிலிருந்து எடுத்தாய். என் துணியை நானே களவெடுத்தேன் என்று ஊருக்கு முன்னால் சொல்லவும் வைத்துவிட்டாய்.

கேட்டிருந்தால் தந்திருப்பேன் என்று சொல்ல நாக்கு வருகிறது. அது பொய். கேட்டிருந்தால் சண்டை பிடித்திருப்பேன். நீ கொழும்புக்காரிக்குச் சொன்ன வார்த்தையை உனக்கே திருப்பிச் சொல்லியிருப்பேன். சில நாள் சுவருக்கு அங்கால் இருமல் கேட்டாலும் வராமல் இருந்திருப்பேன். பிறகு தந்திருப்பேன். அவள் எனக்கும் பிள்ளைதானே. அந்தச் சண்டையை என்னிடம் பிடிக்காமல் போய்விட்டாய். மகளுக்கு உடுப்பு என்று பொய் சொல்லி, என் கையாலேயே நெய்வித்து, அதைக் கொழும்புக்காரிக்குக் கொடுத்து மகளுக்கு வேலை வாங்கி, என் கையாலேயே கஞ்சியும் குடித்தாய். ஒவ்வொரு கரண்டிக்கும் வாயைத் திறந்தபோது உனக்குத் தெரிந்திருந்தது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

இதை மன்னிப்பென்று எடுத்துக்கொள்ளாதே. உன் மகளுக்குச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

போன கிழமை மருதமுனையிலிருந்து புது அச்சு எடுப்பித்தேன். நீ சொன்னதுதான், மாற்றிவிட்டேன். நிலவுக் கோட்டை அவர்களே வைத்திருக்கட்டும், நான் கோடில்லாமல் நெய்து விற்கிறேன் என்று வீம்போடு உட்கார்ந்தேன். பல் எல்லாம் மினுங்குகிறது, ஒன்றும் உடையவில்லை. காலையிலிருந்து நூல் கோத்தேன். கோத்து முடித்து, பாவு நூலை இறுக்கி, ஒரு சாண் நெய்துவிட்டுத் தூக்கிப் பார்த்தேன்.

கோடு இருந்தது.

அந்த இடம் வந்ததும் கை தானாகத் தாண்டியிருக்கிறது. எனக்குத் தெரியவே இல்லை. நல்ல பல்லை வெறுமையாக விட்டுவிட்டு அடுத்ததற்குப் போயிருக்கிறேன், நீ மடித்துத் தைப்பாய் என்று.

அவிழ்த்துக் கோக்கவேண்டும். இன்னும் கோக்கவில்லை. சுவருக்கு அங்கால் உன் மெசின் மூடிக் கிடக்கிறது. கோட்டுக்குள்ளால் பார்க்கிறேன், ஆணியில் தொங்கும் பைதான் தெரிகிறது.