தொப்பைக்கு ஊசி போட்டாச்சு

அக்கா,

ஷிப்டுக்கு நேரமாச்சு, கிளம்பறேன். தொப்பைக்குக் காலை இன்சுலின் போட்டாச்சு. நீ மறுபடி போட்டுடாதே. ஞாயித்துக்கிழமை பூனை ரத்தத்துல சர்க்கரை இறங்கி மயங்கி விழுந்ததுக்கு நாமதான் காரணம். ரெண்டு பேரும் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டுப் பேசாம திரிஞ்சோம். நீ போட்டது தெரியாம நானும் போட்டுத் தொலைச்சேன்.

இனிமே ஊசி போட்டா ஃபிரிட்ஜ் கதவுல ஒட்டியிருக்கற தாள்ல டிக் போடு. என்கூடப் பேச வேண்டாம், டிக் போட்டா போதும்.

கிட்னிக்குன்னு டாக்டர் கொடுத்த சாப்பாட்டை வெதுவெதுப்பான தண்ணியில குழைச்சு வை. பாதியாவது சாப்பிட்டாத்தான் சாயங்கால ஊசி. உன் மெத்தையில ஒண்ணுக்குப் போயிருந்தா திட்டாதே. விரிப்பை ஊறப் போடு, நான் வந்து துவைக்கிறேன்.

"கஷ்டப்படுத்தாம ஒரே ஊசியில அனுப்பிடலாம்"னு நீ சொன்னதுக்கு உன்னைக் கல்நெஞ்சுக்காரின்னு கத்தினேன். நேத்து அதை மடியில தூக்கி வச்சுக்கிட்டேன். தொப்பைன்னு நாம பேர் வச்ச பூனை, இப்போ கைக்கு எலும்புதான் தட்டுப்படுது.

பி.கு: வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு டாக்டர்கிட்ட சொல்லி வச்சிருக்கேன். நீ சொன்னதுக்குத்தான். லீவு போட்டுட்டு வா. தொப்பையோட கூடையை நீதான் தூக்கணும், என்னால ஆகாதுக்கா.